பூவாயி சோதித்துப் பார்த்த கடலைக் கட்டி

ஆற்றின் நடுவே ஒரு மேட்டுத்திட்டு. அதில் பூவாயி என்ற அணிலும் கூரப்பன் என்ற முள்ளம்பன்றியும் அடுத்தடுத்துக் குடியிருந்தார்கள். ஐப்பசி மழை பிடித்தால் போதும், சுற்றிலும் வெள்ளம்! பத்து நாளைக்கு ஒரு காய்கூடக் கிடைக்காது.

அந்த வருஷம் பூவாயிக்கு மூன்று குட்டிகள். "என் பிள்ளைங்க பட்டினி கிடக்கவே கூடாது!" என்று வரிந்து கட்டிக்கொண்டு இறங்கினாள். கடலையையும் எள்ளையும் சுடுபாறையில் வறுத்தாள். தேன் விட்டுப் பிசைந்து, தட்டிக் காயவைத்தாள். முப்பது கட்டி! அடடா, என்ன வாசனை!

"வெள்ளம் வருமுன்னே அணை போட்டாச்சு அண்ணே! ஆறு மாசமானாலும் கெடாது!" என்று குதித்தாள்.

கூரப்பனும் கட்டி போட்டான். கேழ்வரகு, கொள்ளு, தேன் கொஞ்சூண்டு. சுக்கு மட்டும் கை நிறைய! முகர்ந்தாலே தும்மல் வந்தது.

"ஐயய்யே! இதை யாருண்ணே தின்பாங்க?"

"இப்போ யாரும் தின்னக் கூடாதுன்னுதான் தங்கச்சி!"

பூவாயி விழுந்து விழுந்து சிரித்தாள்.

மறுநாள் அவளுக்கு ஒரு சந்தேகம். கட்டி கெட்டுப்போயிருந்தால்? சோதிக்க வேண்டாமா? ஒன்றைத் தின்று பார்த்தாள். கெடவே இல்லை! அடுத்த நாளும் அதே சந்தேகம். பொல்லாத சந்தேகம் அது, தினமும் பசி நேரத்துக்குச் சரியாக வந்தது.

"இருபது நாளாச்சு, இன்னும் கெடல அண்ணே!"

"கெடாதும்மா. மிச்சம் இருக்கா?"

"அதெல்லாம் நிறைய இருக்கு, போங்க!"

ஒரு மாதம் கழித்து மழை கொட்டியது. ஆறு பொங்கித் திட்டைச் சூழ்ந்துகொண்டது.

"அம்மா, பசிக்குது!" என்று குட்டிகள் கத்தின. பூவாயி பொந்துக்குள் கையை விட்டாள். நாலு எள்தான் ஒட்டியது.

"ஐயோ, நானே தின்னு தீர்த்துட்டேனே! பிள்ளைங்க செத்துப்போயிடுமே!" என்று அலறினாள்.

கூரப்பன் தன் சுக்குக் கட்டிகளைத் தூக்கிக்கொண்டு, நனைந்துகொண்டே ஓடிவந்தான். "இந்தா, மழைத்தண்ணியில ஊறவை! கூழாயிடும்!"

குட்டிகள் தும்மித் தும்மிக் குடித்தன. பத்து நாளும் அதுதான் சாப்பாடு. மூன்றும் பிழைத்துக்கொண்டன.

வெள்ளம் வடிந்ததும் பூவாயி மறுபடி முப்பது கட்டி போட்டாள். அத்தனையையும் கூரப்பன் வளைக்கே சுமந்து போனாள்.

"இது உங்ககிட்டயே இருக்கட்டும் அண்ணே! சோதிக்கணும்னு நான் வந்தா, யோசிக்காம முள்ளால குத்துங்க!"

ஆபத்துக்கென்று ஒதுக்கியதில் ஆசைக்குக் கை வைத்தால், ஆபத்து வரும்போது வெறுங்கைதான் மிஞ்சும்.