நடுத்தட்டு பிடியை விட்ட நாள்

அந்தக் காலத்தில் இரும்புக்கும் வாய் இருந்தது. ஆணி முனகும், கம்பி கதை அளக்கும், ஒரு லாரி என்றால் கூட்டுக் குடும்பம் ஒன்று உள்ளே உட்கார்ந்து நாள் பூராவும் வம்பு பேசிக்கொண்டிருக்கும். அவை பேசுவது மனிதர்களுக்கும் புரிந்தது. அதனால் பெரிய நன்மை ஒன்றும் விளைந்ததாகத் தெரியவில்லை. சண்டைக்கு இன்னும் நாலு பேர் கூடினார்கள், அவ்வளவுதான்.

மடிப்புமலை அடிவாரத்தில் நாச்சிமுத்து என்பவரிடம் அப்படி ஒரு லாரி இருந்தது. உப்பும் வெல்லமும் ஏற்றிக்கொண்டு, ஏழு கொண்டை ஊசி வளைவு ஏறி, உச்சியில் இருக்கும் ஊருக்குப் போய்ச் சேர வேண்டியது அதன் வேலை. அதுவரை ஒரு தடவைகூடப் போய்ச் சேர்ந்ததில்லை என்பது வேறு விஷயம்.

அந்த லாரிக் குடும்பத்துக்கு மூத்தவர் இன்ஜின். ஆள் நல்லவர்தான். ஆனால் தன் பலத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் டீசல் தீரும்வரை நிறுத்தமாட்டார். அவருக்குப் பின்னால் நடுத்தட்டு இருந்தாள். இரண்டு பக்கமும் தடித்த தோல் ஒட்டிய வட்டத் தட்டு. ஒரு கையால் இன்ஜினைப் பிடித்துக்கொள்வாள், மறு கையால் அச்சைப் பிடித்துக்கொள்வாள். அச்சு பின்சக்கரங்களைப் பிடித்துக்கொள்வான். இன்ஜின் சுற்றுகிற சுற்று கைமாறிக் கைமாறிச் சக்கரத்துக்குப் போகும். வண்டி நகரும்.

புறப்படுவதற்கு முன்னால் தினமும் எல்லோரும் கைகோத்து ஒரு சத்தியம் செய்வார்கள். "பிடிச்ச பிடிய விடமாட்டேன்." இன்ஜின் உரக்கச் சொல்வார், மற்றவர்கள் திருப்பிச் சொல்வார்கள். பிடியை விடுவதைவிடப் பெரிய இழிவு அந்தக் குடும்பத்தில் கிடையாது.

இதனால் என்ன ஆயிற்று? மலைப்பாதையில் எங்காவது சக்கரம் கல்லிடுக்கில் மாட்டும். சக்கரம் நகராது. இன்ஜினோ நிற்கமாட்டார். "என்னையா நிறுத்தறே?" என்று இன்னும் உறுமுவார். நடுவில் இருக்கிறவர்கள் சத்தியம் செய்தவர்கள் ஆயிற்றே, விடமாட்டார்கள். அந்த முறுக்கு எல்லாம் போக வழியில்லாமல் அச்சின் உடம்பில் போய் ஏறும். ஏறி ஏறி, கடைசியில் அச்சு படீரென்று இரண்டாக முறிந்துவிடுவான்.

முறிந்த அச்சுக்கு நடந்த மரியாதை இருக்கிறதே, அதைப் பார்த்தால் யாருக்கும் முறிய ஆசை வரும். எந்த வளைவில் முறிந்தானோ அந்த வளைவிலேயே அவனைச் செங்குத்தாக நட்டு, மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, செவ்வரளி மாலை போடுவார்கள். இன்ஜின், "கடேசி வரைக்கும் பிடிய உடலே பாருங்க, அவனாக்கும் வீரன்!" என்று பேசுவார். பின்சக்கரங்கள் இரண்டும் விம்மும். நாச்சிமுத்து மட்டும் பேசாமல் வெல்ல மூட்டையை முதுகில் தூக்கிக்கொண்டு மலை இறங்குவார். அப்படி நாலு வளைவுகளில் நாலு அச்சுகள் மாலையோடு நின்றார்கள்.

ஐந்தாவதாக வந்தவன் புது அச்சு. எண்ணெய்ப் பளபளப்பு இன்னும் போகாத பயல். வந்து மாட்டிய நிமிஷத்திலிருந்து வாய் மூடவில்லை.

"அக்கா, உச்சியில வெயில் காலத்துலயும் பனி எறங்குமாமே, நெசமா?"

"ஆரு கண்டா? நான் போனதே இல்ல கண்ணு" என்றாள் நடுத்தட்டு.

"நான் போயிப் பாத்துட்டுத்தான் வருவேன். பனி எப்படி இருக்குதுன்னு பாக்கோணும். பொறவு எது வந்தாலும் செரி."

நடுத்தட்டுக்கு அவனை ரொம்பப் பிடித்துப்போனது. அங்கேதான் சிக்கல் ஆரம்பித்தது. முறிந்த நாலு பேரின் கையையும் பிடித்திருந்தவள் அவள். முறிவதற்குச் சற்று முன்னால் அச்சுக்குள் ஒரு நடுக்கம் ஓடும். வேறு யாருக்கும் தெரியாது, கை பிடித்திருக்கிற அவளுக்கு மட்டும் தெரியும். நாலு தடவையும் தெரிந்தது. நாலு தடவையும் சத்தியத்தை நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டு பிடித்திருந்தாள். அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

ஐப்பசி மழை ஓய்ந்த ஒரு காலையில் லாரி கிளம்பியது. முதல் வளைவில் மாலை போட்ட அச்சைப் பார்த்ததும் புதுப்பயல் சத்தமாகக் கும்பிடு போட்டான். இரண்டாவது வளைவில் கும்பிட்டான், சத்தம் இல்லை. மூன்றாவது வளைவில் மெதுவாகக் கேட்டான்.

"அக்கா, ஒடையறப்ப வலிக்குங்களா?"

"எனக்கெப்படிக் கண்ணு தெரியும்?" என்றாள். பொய்.

நாலாவது வளைவில் அவன் மாலை இருந்த பக்கம் திரும்பவே இல்லை.

ஐந்தாவது வளைவில், மழை அரித்திருந்த பள்ளத்தில் வலது பின்சக்கரம் இறங்கி இரண்டு பாறைகளுக்கு நடுவில் கச்சிதமாக மாட்டிக்கொண்டது.

"அய்யய்யோ, சிக்கிக்கிட்டமுங்க!" என்று கத்தியது சக்கரம்.

"பெரியவரே, செத்த பொறுங்க. எறங்கிக் கல்லப் பொரட்டிட்டு வந்தர்றேன்" என்றார் நாச்சிமுத்து.

"பொறுக்கறதா? ஒரு கல்லுக்கா? நான் நெனச்சா இந்த மலையையே இழுத்துட்டுப் போயிருவேன், தெரியுமில்ல!" இன்ஜின் உறும ஆரம்பித்துவிட்டார். புகை குபுகுபுவென்று கிளம்பியது.

சக்கரம் அசையவில்லை. முறுக்கு கைமாறி வந்து அச்சின் உடம்பில் ஏறியது.

"தாங்கறேனுங்க பெரியப்பா! இன்னும் குடுங்க!" என்றான் அச்சு. குரல் கீச்சென்று வந்தது.

இன்ஜின் இன்னும் கொடுத்தார். அப்போது நடுத்தட்டின் கையில் அந்த நடுக்கம் வந்து தொட்டது. ஐந்தாவது தடவை.

அவளுக்குச் சத்தியம் நினைவுக்கு வந்தது. பெரியவர் முகம் நினைவுக்கு வந்தது. நாளை முதல் எல்லோரும் தன்னை எப்படிப் பார்ப்பார்கள் என்பதும் நினைவுக்கு வந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக இந்தப் பயலையும் மாலை போட்டு நட்டுவிட்டுத் திரும்பிப் போக அவளால் முடியாது என்பது தெரிந்தது. இன்ஜினைப் பிடித்திருந்த கையைத் தளர்த்தினாள்.

பிடி வழுக்கியது. இன்ஜின் அவள் தோலை உரசிக்கொண்டு கிர்ரென்று தனியாகச் சுற்றினார். தோல் பற்றியெரிவது போல வலித்தது. கருகல் வாடை வளைவு முழுக்கப் பரவி, புளிய மரத்தில் உட்கார்ந்திருந்த குரங்குகள்கூட மூக்கைப் பொத்திக்கொண்டன. அச்சின் உடம்பில் ஏறியிருந்த முறுக்கு இறங்கியது. அவன் முறியவில்லை. முழுசாக, மூச்சு வாங்கிக்கொண்டு இருந்தான்.

பிடி விட்டதும், மாட்டாத இடது பக்கமாக லாரி பின்னுக்கு நகரப் பார்த்தது. நாச்சிமுத்து கைபிரேக்கை இழுத்துவிட்டு, குதித்து இறங்கி, சக்கரத்துக்குக் கல்லைக் கொடுத்து நிறுத்தினார்.

அதற்குப் பிறகுதான் இன்ஜினுக்கு என்ன நடந்தது என்று புரிந்தது.

"விட்டுட்டா! பிடிய விட்டுட்டா! நம்ம குடும்பத்துல இப்படி ஒருத்தியா!" என்று குதித்தார்.

"கேவலமுங்க, கேவலம்" என்றது இடது சக்கரம்.

"ஆனா அச்சுப்பையன் ஒடையலீங்களே" என்றது வலது சக்கரம். மாட்டிக்கொண்டிருந்தது அது; அதற்குக் கொஞ்சம் நிதானம் வந்திருந்தது.

"நாச்சிமுத்து! எடுங்க ஸ்பேனர! இவளையும் என்னையும் சேத்து நாலு போல்ட்டு போட்டு முறுக்குங்க. இனி ஆயுசுக்கும் கைய எடுக்கக் கூடாது" என்றார் இன்ஜின்.

நாச்சிமுத்துவுக்கும் பெரியவர் என்றால் கொஞ்சம் பயம்தான். தலையைச் சொறிந்தார். "நாலு தடவ நீங்க வீரமாத்தான் இழுத்தீங்க பெரியவரே. நாலு தடவையும் மூட்டையத் தூக்கிட்டு எறங்கினது நானு" என்று முணுமுணுத்தார். முணுமுணுத்துக்கொண்டே ஸ்பேனரையும் எடுத்துவிட்டார். மனிதர்கள் அப்படித்தான்.

நடுத்தட்டு கருகிய தோலோடு போல்ட்டுக்குக் காத்திருந்தாள்.

"வேண்டாமுங்க!" என்றான் அச்சு.

எல்லோரும் திரும்பினார்கள்.

"எனக்குப் பயமா இருந்துதுங்க பெரியப்பா. ஒடையப் போறேன்னு தெரிஞ்சுது. தாங்கறேன்னு சொன்னது பொய்யுங்க. அக்கா மட்டும் கைய விடலீன்னா இந்நேரம் நீங்க எனக்கு மாலை கட்டிட்டிருப்பீங்க. எனக்கு மாலை வேண்டாமுங்க. நான் பனியப் பாக்கோணும்."

அந்தக் குடும்பத்தில் 'பயம்' என்ற சொல்லை யாரும் வாயால் சொன்னதே இல்லை. இன்ஜின் கொஞ்ச நேரம் தடதடத்துக்கொண்டே இருந்தார். பிறகு சத்தம் குறைந்தது.

"அப்பவே சொல்றதுக்கென்ன?"

"சொன்னா நான் ஆம்பளையே இல்லீம்பீங்க."

இன்ஜின் அப்படித்தான் சொல்லியிருப்பார், அது அவருக்கே தெரியும். மெதுவாகக் கேட்டார்: "அந்த நாலு பேரும்?"

"நடுங்கினாங்க" என்றாள் நடுத்தட்டு. அடக்கி வைத்திருந்தது எல்லாம் வெளியே வந்தது. "ஒவ்வொருத்தரும் ஒடையறதுக்கு மிந்தி என் கையில நடுங்கினாங்க. தெரிஞ்சும் பிடிச்சிட்டிருந்தேன். அந்தப் பாவம் எனக்குத்தான்."

"எனக்கும்தான் அம்மிணி" என்றார் இன்ஜின். அவர் குரல் அவ்வளவு தணிந்து யாரும் கேட்டதில்லை. ஆனாலும் பெரியவர் பெரியவர்தானே, அடுத்த நிமிஷமே கனைத்துக்கொண்டார். "அது செரி. தொட்டதுக்கெல்லாம் இவ கைய விட்டா வண்டி எப்படிப் போகும்? எதுவரைக்கும் பிடிப்பா, எப்ப விடுவா? அதுக்கொரு கணக்கு வேணுமில்ல?"

நியாயமான கேள்வி.

"அச்சு எம்புட்டுத் தாங்குவானோ, அதுக்கு ஒரு விரக்கடை கொறவா. அதுவரைக்கும் உசிரே போனாலும் பிடிச்சுக்கறேன். அதுக்கு மேல போனா வழுக்கி விட்டுருவேன். முறுக்கு எறங்கினதும் மறுபடி பிடிச்சுக்குவேன்" என்றாள் நடுத்தட்டு.

"நீ எம்புட்டுடா தாங்குவே?" என்று அச்சைக் கேட்டார் நாச்சிமுத்து.

பயல் நெஞ்சை நிமிர்த்தினான். "நானா? ரெண்டு இன்ஜினு சேந்து இழுத்தாலும்..." என்று ஆரம்பித்தவன் எல்லோரும் தன்னையே பார்ப்பதைக் கண்டு நிறுத்திக்கொண்டான். முதலில் சிரித்தவர் இன்ஜின். அவர் சிரித்த சிரிப்பில் பானெட் கடகடவென்று ஆடியது.

அச்சின் வாயை நம்பிப் பயனில்லை என்று ஆகிவிட்டதால், நாச்சிமுத்து வேறு வழி பார்த்தார். பெட்டியில் கிடந்த ஸ்பிரிங்குகளை எடுத்து, நடுத்தட்டை இன்ஜினோடு சேர்த்து அழுத்தும்படி பின்னால் வைத்தார். ஸ்பிரிங்கை அழுத்தும் போல்ட்டை ஒரு சுற்று முறுக்குவார், இன்ஜின் இழுப்பார். இன்னொரு சுற்று முறுக்குவார், இன்ஜின் இன்னும் இழுப்பார். நடுத்தட்டு கண்ணை மூடி அச்சின் கையைக் கவனித்தபடி இருந்தாள்.

"இன்னம் போலாம்... இன்னம்... நில்லுங்க! நடுங்குது. ஒரு சுத்து பின்னால தள்ளுங்க."

நாச்சிமுத்து ஒரு சுற்றுத் தளர்த்தினார். அதுதான் அளவு.

பிறகு கடப்பாறை போட்டுப் பாறையைப் புரட்டினார். லாரி மேலே ஏறியது. ஆறாவது வளைவில் செங்குத்து மேடு. நடுத்தட்டு ஒரு தடவை வழுக்கினாள், கருகல் வாடை வந்தது. இன்ஜின் வாயைத் திறந்து, என்ன நினைத்தாரோ, மூடிக்கொண்டு வேகத்தைக் குறைத்தார். அவள் மறுபடி பிடித்துக்கொண்டாள். ஏழாவது வளைவும் முடிந்து, சாயங்காலம் லாரி உச்சிக்குப் போய்ச் சேர்ந்தது. ஊரே ஓடி வந்தது. உப்பு மூட்டையை இறக்குவதற்கு முன்னால் ஒரு கிழவர் ஒரு சிட்டிகை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

வண்டிக்கு அடியில் தொங்குகிற அச்சுக்கு என்ன பெரிதாகத் தெரியும்? கால்கள் தெரிந்தன. மனிதக் கால், ஆட்டுக் கால், கோழிக் கால். ஆனால் கொஞ்ச நேரத்தில் அந்தக் கால்களுக்கு நடுவில் பனி தரையோடு தரையாகத் தவழ்ந்து வந்து அவன் மேல் படிந்தது.

"அக்கா, ஈரமா இருக்குது! சில்லுனு இருக்குது! அவ்வளவுதானா பனி?" என்று கேட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே இருந்தான். பிறகு, "உனக்கு வலிக்குதாக்கா?" என்றான்.

"எரியுது கண்ணு. தோலு பாதி தேஞ்சுபோச்சு."

"அப்ப என்ன பண்றது?"

"தேஞ்சா வேற தோலு ஒட்டிக்கலாம்" என்று வெளியிலிருந்து சொன்னார் நாச்சிமுத்து. சொன்னபடியே மறுவாரம் ஒட்டினார். அதுவும் தேய்ந்தது, மறுபடி ஒட்டினார்.

அன்று முதல்தான் வண்டிகளில் அச்சுக்குப் பதிலாகத் தட்டு தேய ஆரம்பித்தது. அவளைத்தான் இப்போது கிளட்ச் பிளேட் என்கிறார்கள். பாரம் ஏற்றிய வண்டி மேட்டில் திணறும்போது, தாங்கக்கூடிய அளவு தாண்டியதும் அவள் வழுக்கி விடுகிறாள். கருகல் வாடை வருகிறது. ஓட்டுநர் மூக்கைச் சுளித்துக்கொண்டு வேகத்தைக் குறைக்கிறார். கீழே அச்சு முழுசாக இருக்கிறான்.