அறுபதில் பறந்த மாவு வண்டி

மாவு புளிப்பதற்குள் கடைகளுக்குப் போட்டுவிட வேண்டுமென்று, இட்லி மாவு விற்கும் பஞ்சவர்ணம் தன் குட்டி மின்சார ஸ்கூட்டரில் மேம்பாலம் ஏறிக்கொண்டிருந்தாள். பின்னாலிருந்து இன்ஸ்பெக்டர் சடாட்சரம் தொந்தி குலுங்க ஓடிவந்து மறித்தார்.

"லைசென்ஸ் எங்கே?"

"இருபத்தஞ்சுக்கு மேல போகாத வண்டிங்க ஐயா. சட்டப்படி லைசென்ஸ் வேண்டாம்."

"யாருக்குக் காது குத்துற? அறுபதுல பறந்ததை என் கண்ணாலேயே பார்த்தேன். வண்டியை ஸ்டேஷனுக்கு விடு!"

"அறுபதுல பறந்த வண்டியை ஓடியே பிடிச்சுட்டீங்களே! ஐயாவுக்கு ஒலிம்பிக்ல தங்கம்தான்!"

பாலத்தில் நின்ற சனமெல்லாம் கொல்லென்று சிரித்தது. சடாட்சரம் அசடு வழிய, "சரி சரி, கிளம்பு" என்றார்.

"மூச்சு வாங்குதே, பின்னால உட்காருங்க ஐயா. ஜீப்புகிட்ட விட்டுடறேன்."

"வேண்டாம்மா, எனக்கு அவசரம்!"