தேவசகாயம் பத்தில் இருந்தார்

“நான் இங்க உக்காருதேன், கேமரா அண்ணனைப் பாக்குது. அண்ணன் அங்க போறாங்க, அதுவும் பின்னாலேயே திரும்புது. கல்யாணம் எனக்கா, அண்ணனுக்கா?”

என் கடைசிக் கொழுந்தன் சமாதானம் இதை அந்த வெள்ளிக்கிழமை காலையில் மட்டும் ஏழு தடவை கேட்டுவிட்டான். ஒரு தடவைகூடப் பதில் கிடைக்கவில்லை. அவனுடைய அண்ணன்மார் மூன்று பேரும் அதை யோசிக்க வேண்டிய கேள்வியாக எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

“வயசுப்படி பாத்தா அண்ணனைத்தான் முதல்ல பாக்கணும்” என்றான் ஜெயசிங்.

“அதேதான்” என்றான் ஜெயபால்.

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டைத் தெரியாதவர்கள் குறைவு. தெரிந்தவர்கள் வாசல் பக்கம் வருவது அதைவிடக் குறைவு. மூத்தவர் ஞானதுரை, என் வீட்டுக்காரர். அடுத்தது ஜெயசிங், ஜெயபால், இரட்டைப் பிள்ளைகள். ஜெயசிங் ஒன்று சொல்வான், ஜெயபால் “அதேதான்” என்பான். இவர்களில் யாருக்கு முதலில் பெண் பார்ப்பது என்ற யோசனை பதினெட்டு வருஷமாக நடக்கிறது. கடைசி சமாதானம், முப்பத்தொன்பது வயது. நாலு பேருக்கும் சேர்த்து ஆண்டவர் ஒரு மூளை கொடுத்தார். அது யாரிடம் இருக்க வேண்டும் என்று முடிவாகாமல் இன்னும் கட்டுப் பிரிக்காமலே வைத்திருக்கிறார்கள்.

இந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. என் மாமனார் பெயர் தேவசகாயம். அவர் காலமானதிலிருந்து, அந்தப் பெயர் காதில் விழுந்தால் நாலு பேரும் எழுந்து நின்று, தலையைக் குனிந்து, கண்ணை மூடி ஒரு நிமிஷம் மௌனமாக நிற்பார்கள். அந்த நிமிஷம் முடிவதற்குள் யாராவது மறுபடி பெயரைச் சொல்லிவிட்டால் முதலிலிருந்து இன்னொரு நிமிஷம். தபால்காரர் ஒரு தடவை வாசலில் நின்று விலாசத்தை வாசித்தார், உள்ளே யாரும் அசையவில்லை. காது கேட்கவில்லை போலிருக்கிறது என்று திரும்பத் திரும்ப வாசித்தார். பார்த்துக்கொள்ளச் சொல்லி நான் அடுப்பில் வைத்துவிட்டுப் போன சாம்பார் அன்றைக்குப் பாத்திரத்தோடு போயிற்று. அதற்குப் பிறகு நான் “உங்க அப்பா” என்று மட்டும்தான் சொல்வது.

இப்போது பெண் விஷயம். பெண் பெயர் பியூலா, சொந்த ஊர் நாகர்கோவில் பக்கம், ராஞ்சியில் நர்சிங் கல்லூரியில் பாடம் நடத்துகிறாள். சமாதானத்துக்கு இது பதினோராவது வரன். போட்டோ கேட்டார்கள். நாலு பேரும் தனியாகப் போட்டோ எடுத்துக்கொண்டதே கிடையாது, ஆகவே சேர்ந்து நிற்கிற போட்டோவை அனுப்பினார்கள். “இதில் மாப்பிள்ளை யார்?” என்று பெண் வீட்டில் கேட்டதற்கு, “இடமிருந்து நாலாவது” என்று எழுதினார்கள். போட்டோவில் இவர்கள் இரண்டு வரிசையாக நின்றிருந்தார்கள்.

பியூலா நிதானமான பெண். கோபப்படவில்லை. ஞாயிறு பதினொன்றரைக்கு வீடியோவில் வரச் சொன்னாள். “அவங்க முகத்தைப் பாத்து ரெண்டு வார்த்தை பேசணும், அவ்வளவுதான். பன்னிரண்டுக்கு எனக்கு வார்டு. சாயங்காலம் சித்தப்பா இன்னொரு இடத்துக்குப் பதில் சொல்லியாகணும்” என்றாள்.

சமாதானம் அந்த இரண்டு வார்த்தையைப் புதன்கிழமையே தயார் செய்துவிட்டான். மாட்டுத் தீவனக் கடையில் வேலை பார்க்கிறவன், பில் போட்டுக்கொண்டே அதை முணுமுணுத்திருக்கிறான். என்ன வார்த்தை என்று என்னிடம்கூடச் சொல்லவில்லை. அவள் சரி என்றால் ராஞ்சிக்கே போய்விடுவானாம். என் சமையலறையிலிருந்து ஒரு தட்டு குறையும். எனக்கும் இதில் அக்கறை இருந்தது.

போனில் பேசினால் போதாதா என்று கேட்டேன். போனுக்குள் நாலு பேரும் அடங்க மாட்டோம் என்று கம்ப்யூட்டருக்குக் கேமரா வாங்கி வந்தார்கள். கோழிமுட்டை அளவில் ஒரு தலை, அதற்குக் கீழே ஒரு கழுத்து. எந்த முகம் பெரிதோ அந்த முகத்தைத் தேடித் திரும்பும். எங்கள் வீட்டில் பெரிய முகம் என் வீட்டுக்காரருடையது.

மீட்டிங் திரையில் கேமராவுக்கென்று சில பித்தான்கள் இருந்தன. வெளிச்சம், நிறம், தெளிவு. திரும்புவதை நிறுத்த எதுவும் இல்லை. இவர்கள் உட்கார்ந்து ஆலோசித்து வெளிச்சத்தைச் சைபருக்குக் கொண்டுவந்தார்கள். திரை அட்டைக்கரியானது.

“இப்ப திரும்புதா?” என்று கேட்டார் என் வீட்டுக்காரர்.

“திரும்புறது தெரியலண்ணே.”

“அதேதான்.”

“அப்ப சரியாயிட்டு” என்று எழுந்து சாப்பிடப் போனார்கள்.

கேமரா வாங்கின கடைக்கு நான் போன் போட்டேன். நிலோஃபர் என்ற பெண் எடுத்தாள், மேலப்பாளையத்துக்காரி. கடைக்கு வந்து போகிற முதலாளிக்குத் தெரியாதது எல்லாம் அவளுக்குத் தெரியும். “நாளைக்கு நானே வாரேன் ஆன்ட்டி. அதுவரைக்கும் மத்தவங்க முகம் அதுக்குத் தெரியாமப் பாத்துக்கோங்க” என்றாள்.

நான் அதை அப்படியே போய்ச் சொன்னது என் தப்பு. நான் படித்த கான்வென்ட்டில் சிஸ்டர் பெனடிக்டா எதையும் ஒரு தடவைதான் சொல்வார்கள். இரண்டாவது தடவை ஸ்கேல் சொல்லும். எனக்கு அந்தப் பழக்கம், சொன்னால் புரிந்துகொள்வார்கள் என்கிற நினைப்பு.

ஹாலுக்கு வந்து பார்த்தால் நாலு பேரும் தலையணை உறையைத் தலையில் மாட்டிக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். சமாதானமும் மாட்டியிருந்தான்.

“நீ ஏம்ல மாட்டியிருக்க?”

“எனக்கு மத்தவங்க இவங்க மூணு பேரு. இவங்களுக்கு மத்தவன் நான்தான மதினி” என்றான் உறைக்குள்ளிருந்து.

கேமரா இரண்டு சுற்றுச் சுற்றியது. முகம் கிடைக்கவில்லை. கடைசியில் சுவரில் பிளாஸ்டிக் மாலையோடு தொங்குகிற என் மாமனார் போட்டோவைக் கண்டுபிடித்து அங்கேயே நின்றது. அதையும் மூடுங்கள் என்றேன். அப்பா முகத்தை மூடுகிற பிள்ளைகள் நாங்கள் இல்லை என்றார்கள். அரை மணி நேரம் ஆலோசித்து ஒரு தலையணை உறையைக் கழற்றிக் கேமராவுக்கு மாட்டினார்கள். அதற்குப் பிறகு அது யாரையும் பார்க்கவில்லை. பிரச்சினை தீர்ந்த சந்தோஷத்தில் எனக்கு ஒரு காப்பி போட்டுக்கூடக் கொடுத்தார்கள். உப்புப் போட்டிருந்தார்கள்.

சனிக்கிழமை நிலோஃபர் வந்தாள். வந்த வேகத்தில் உறையை உருவினாள். கம்ப்யூட்டரில் ஏதேதோ தட்டிவிட்டு எல்லோருக்கும் விளக்கினாள்.

“எந்தக் கேமராவா இருந்தாலும் வெளிச்சம், நிறம் எல்லாம் பொது. அதுக்கெல்லாம் பேர் இருக்கு, எந்த மீட்டிங் ஆப்பும் பேரைச் சொல்லிக் கேட்டு வாங்கிக்கும். முகத்துக்குப் பின்னாடி திரும்புறது இந்தக் கம்பெனிக்காரன் தன் இஷ்டத்துக்குச் சேத்தது. அதுக்குப் பேர் கிடையாது, வெறும் நம்பர். கேமராவுக்கும் ஆப்புக்கும் நடுவுல டிரைவர்னு ஒரு புரோகிராம் நிக்குது. அதுக்கு இந்த நம்பர் என்ன செய்யும்னே தெரியாது. அதனால ஆப்புக்கு அதைக் காட்டாது.”

“தெரியாததைக் காட்டாம இருக்கிறது மரியாதைதானே” என்றார் என் வீட்டுக்காரர்.

“இருக்கட்டும் அங்கிள். எத்தனாவது நம்பர், எவ்வளவு நீளம்னு நான் கண்டுபிடிச்சுட்டேன். அதுக்கு ஒரு பேர் வச்சு டிரைவர்ல பதிஞ்சுட்டா, மத்த பேரோட பட்டியல்ல வந்துரும். சைபர்ல வச்சா கேமரா அசையாது. பத்துல வச்சா முழு வேகம். என்ன பேர் வைக்கட்டும்?”

இதை அவள் என்னிடம் கேட்டிருந்தால் கதை இங்கேயே முடிந்திருக்கும். நான் அடுக்களையில் அவளுக்கு முறுக்கு எடுத்துக்கொண்டிருந்தேன்.

நாலு பேரும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். இந்த வீட்டில் கடைசியாகப் பேர் வைத்தது என் மகளுக்கு, அதுவே எட்டு மாசம் ஆனது. இது முக்கால் மணி நேரத்தில் முடிந்தது. வெளியே வந்து, “அப்பா பேரு” என்றார் என் வீட்டுக்காரர்.

“அப்பா பேர் என்ன அங்கிள்?”

நாலு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஜெயபால் வாசல் பக்கம் கையைக் காட்டினான். நிலோஃபர் எட்டிப் பார்த்து, கேட்டில் இருந்த பெயர்ப் பலகையைச் சத்தமாக வாசித்தாள். நாலு பேரும் நின்ற இடத்திலேயே தலை குனிந்தார்கள். அவள் முறுக்கைக் கடிக்காமல் வாயில் வைத்தபடி என்னைப் பார்த்தாள். ஒரு நிமிஷம் பொறும்மா என்று சைகை காட்டினேன்.

பட்டியலில் இப்போது வெளிச்சம், நிறம், தெளிவு, அதற்குக் கீழே தேவசகாயம். நிலோஃபர் அதைச் சைபருக்குக் கொண்டுவந்து, கேமராவைக் கையால் சமாதானம் பக்கம் திருப்பிவிட்டாள். கேமரா சமாதானத்தைப் பார்த்தபடி அசையாமல் நின்றது. ஐந்து நாளில் முதல் தடவையாக அவன் முகம் முழுசாகத் திரையில் வந்தது. பார்க்கும்படியாகத்தான் இருந்தது. அவனே ஆச்சரியப்பட்டான்.

“யாரும் இதைத் தொட்டுராதீங்க” என்று சொல்லிவிட்டு அவள் போனாள்.

மறுநாள் ஞாயிறு. ஆராதனை முடிந்து நான் பெண்கள் ஐக்கியக் கூட்டத்தில் இருந்துவிட்டு வந்தபோது மணி பதினொன்று இருபத்தைந்து. நாலு பேரும் ஒரே மாதிரி வெள்ளைச் சட்டையில் கேமராவுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். கேமரா ராட்டினம் மாதிரி சுற்றிக்கொண்டிருந்தது.

“சைபர்ல இருந்தது என்னாச்சு?” என்று கேட்டேன்.

“அப்பாவைச் சைபர்ல வைக்கிறதா?” என்றார் என் வீட்டுக்காரர். “முப்பத்தொரு வருஷம் தலைமை ஆசிரியரா இருந்த மனுஷன். ராத்திரி பூரா எனக்குத் தூக்கமில்ல எஸ்தர். காலையில பத்துல வச்சபிறகுதான் நெஞ்சு லேசாச்சு.”

“அந்தப் பிள்ளை தொடக் கூடாதுன்னு சொல்லிட்டுப் போச்சே.”

“நாங்க தொடல மதினி” என்றான் ஜெயசிங். “மவுஸ்தான் தொட்டுது.”

“அதேதான்.”

இனி யாரும் தொட்டுவிடக் கூடாது என்று மவுஸைப் பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை என் வீட்டுக்காரர் இடுப்பில் செருகியிருந்தார். சாவியைக் கேட்டேன். கொடுப்பதா என்று ஆலோசிக்க வேண்டும் என்றார்கள். ஆலோசிக்க வாயெடுக்கும்போது பியூலாவின் அழைப்பு வந்தது. சமாதானம் கீபோர்டில் என்டரைத் தட்டினான்.

திரையில் பியூலா, வெள்ளைச் சேலையில். பக்கத்தில் அவள் சித்தப்பா. எங்கள் பக்கத்திலிருந்து அவர்களுக்கு என்ன தெரிந்தது என்று மூலையில் ஒரு சின்னக் கட்டத்தில் பார்த்தேன். என் வீட்டுக்காரர், ஜெயசிங், ஜெயபால், காலண்டரில் இருக்கும் மேய்ப்பர், ஜெயபால், என் வீட்டுக்காரர். சமாதானத்தின் காது மட்டும் ஒரு தடவை கடந்து போனது.

சித்தப்பா தலையைப் பிடித்துக்கொண்டார். எல்லா வீட்டிலும் முதலில் கேட்கிற கேள்வியைக் கேட்டார்.

“மாப்பிள்ள, அப்பா பேரு என்ன?”

பெரியவர் கேட்டால் பதில் சொல்ல வேண்டும். சமாதானம் சொன்னான். சொன்ன வேகத்தில் அவனே எழுந்து தலை குனிந்தான். மற்ற மூன்று பேரும் எழுந்தார்கள். கேமரா நாலு சட்டைப் பித்தான்களைப் பார்த்துவிட்டு முகம் தேடி மேலே போய்ச் சுவரில் நின்றது.

“ஆள் கொஞ்சம் வயசாளியாத் தெரியுதே” என்றார் சித்தப்பா. “இப்பவே மாலையும் போட்டுட்டாங்க.”

நிமிஷம் முடிந்து உட்கார்ந்தார்கள். கேமரா மறுபடி சுற்ற ஆரம்பித்தது. சித்தப்பா வேலை, சம்பளம், சபை என்று ஒவ்வொன்றாகக் கேட்டு முடிப்பதற்குள் பதினொன்று ஐம்பத்தைந்து ஆகிவிட்டது. சமாதானம் தன்னுடைய இரண்டு வார்த்தையைச் சொல்ல வாயைத் திறந்தபோது திரையில் ஜெயசிங் இருந்தான். பியூலா ஜெயசிங்கைப் பார்த்து, “சொல்லுங்க” என்றாள். ஜெயசிங் யோசித்துவிட்டு, “காலையில ஆப்பம்” என்றான்.

இதற்கு மேல் எனக்குப் பொறுமை இல்லை. நான் குனிந்து திரைக்குள் பேசினேன். கேமரா நிற்காமல் சுற்றுகிறது, அதை நிறுத்த ஒரு பெயர் வைத்திருக்கிறோம், அது பத்தில் இருக்கிறது, சைபருக்கு வந்தால் சமாதானத்தைப் பார்க்கலாம், மவுஸ் பீரோவில், சாவி என் வீட்டுக்காரர் இடுப்பில், நான் கேட்டால் கொடுக்க மாட்டார், வருகிற மருமகள் கேட்டால் கொடுப்பார். எல்லாம் ஒரே மூச்சில் சொன்னேன்.

“என்ன பேர் வச்சிருக்கீங்க மதினி?” என்று கேட்டாள். அதற்குள் மதினி என்று கூப்பிட்டுவிட்டாள். எனக்கு மனசு நிறைந்துபோயிற்று, அந்த நிறைவில் புத்தி போயிற்று.

“இவங்க அப்பா பேர்தாம்மா” என்றேன்.

பியூலா புத்திசாலி, கேட்டதை மறக்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, பணிவாக, தெளிவாக என் வீட்டுக்காரரைப் பார்த்துக் கேட்டாள்.

“அண்ணாச்சி, எனக்கு இன்னும் மூணு நிமிஷம் இருக்கு. தேவசகாயத்தைக் கொஞ்சம் சைபருக்குக் கொண்டுவாங்களேன்.”

நாலு பேரும் எழுந்து, தலையைக் குனிந்து, கண்ணை மூடினார்கள். கேமரா போட்டோவுக்குப் போனது. நான் சமாதானத்தின் மோவாயைப் பிடித்து நிமிர்த்தினேன். அவன் கண்ணைத் திறக்காமல் மறுபடி குனிந்தான், கன்னத்தில் கண்ணீர் ஓடியது. அப்பாவுக்காகவா, பியூலாவுக்காகவா என்று எனக்குத் தெரியவில்லை. சாவிக்காக என் வீட்டுக்காரர் இடுப்பில் கை வைத்தேன். சாவியின் மேல் இரண்டு கையையும் கோத்து வைத்திருந்தார்.

நிமிஷம் முடிய ஐந்து விநாடி இருக்கும். லைன் போய்விட்டது என்று நினைத்தாளோ என்னவோ, பியூலா இன்னும் கொஞ்சம் பக்கத்தில் வந்து, இன்னும் கொஞ்சம் சத்தமாகக் கேட்டாள்.

“அண்ணாச்சி, கேக்குதா? தேவசகாயம்... அந்தத் தேவசகாயத்தை மட்டும் கொஞ்சம் குறைங்களேன்.”