லைனரில் இல்லாத விரிசல்

மூன்று பேரையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இதில் யார் முட்டாள் என்று தேடிக்கொண்டே இருப்பீர்கள். காளியண்ணன், அவன் தம்பி சென்னியப்பன், இவர்களுடைய மாப்பிள்ளை வெள்ளியங்கிரி. தேட வேண்டாம், மூன்று பேரும்தான்.

பாவாயி அக்காவின் பம்ப் எஞ்சினில் ஆயிலோடு தண்ணீர் கலந்து மோர் மாதிரி ஆகிவிட்டது. நாளைக்குள் தண்ணீர் பாயாவிட்டால் இரண்டு ஏக்கர் மஞ்சளும் கருகிவிடும். மெக்கானிக் அன்வர் பாய் பக்கத்து ஊரில் காலில் மாவுக்கட்டோடு படுத்திருந்தார். அக்காவுக்கு உதவிக்குக் கிடைத்தது இந்த மூன்று பேர்தான்.

பாய் போனிலேயே சொன்னார். "லைனர், அதான் பிஸ்டன் ஓடற இரும்புக் குழாய், ரெண்டையும் கழட்டி நம்பர் போடுங்க. மண்ணெண்ணெய் தடவி, நல்லாத் தொடச்சு, சாக்பீஸ் பொடி தூவுங்க. விரிசல் இருந்தா கோடு தெரியும். கண்டுபிடிச்சதும் என்னைக் கூப்பிடுங்க."

முதல் லைனர் வந்தது.

"இது எத்தனை லைனர் மாப்ள?"

"ஒண்ணு மச்சான்."

ஒன்று என்று எழுதினார்கள். அடுத்தது வந்தது.

"இது?"

"இதுவும் ஒண்ணுதான். நல்லா எண்ணிட்டேன்."

அதிலும் ஒன்று என்று எழுதினார்கள்.

பொடி தூவினார்கள். கோடே இல்லை. மூன்று பேருக்கும் முகம் தொங்கிப்போனது.

"விரிசல் இல்லைன்னு பாய்கிட்டச் சொல்லிடலாமாண்ணா?" என்றான் சென்னியப்பன்.

"கண்டுபிடிச்சதும்தானேடா கூப்பிடச் சொன்னாரு? கண்டுபிடிக்காம எப்படிக் கூப்பிடறது? மரியாதை வேண்டாமா?"

அதனால் தேடினார்கள். மண்வெட்டியில் பொடி தூவினார்கள். குடத்தில் தூவினார்கள். வெள்ளியங்கிரியின் முதுகிலும் தூவினார்கள். கடைசியில் மோட்டார் ரூம் சுவரில் கிடைத்தது. பொடியே தேவைப்படவில்லை.

"பாய்! கண்டுபிடிச்சுட்டோம்!"

"எவ்வளவு பெருசுடா?"

"உள்ளே கை போகுது பாய்."

"கையா! அல்லா... நான் கண்ணால பாக்கணும். அப்படியே கழட்டி இங்க கொண்டாங்க."

ஒவ்வொரு செங்கல்லாகக் கழற்றி மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார்கள். களை எடுத்துவிட்டு வந்த பாவாயி சுற்றிலும் பார்த்தாள். பாய்க்குப் போன் போட்டாள்.

"பாய், லைனர் ரெண்டும் பழுதில்லாம இருக்கு. சுவர் ஒண்ணைக் காணோம்."

"சுவர் என் வேலை இல்லைம்மா. லைனரைச் சுத்தித் தண்ணியைத் தடுக்கிற ரப்பர் வளையம்தான் போயிருக்கும். கடையில புதுசு வாங்கிப் போட்டு மாட்டலாம், ஒவ்வொண்ணாச் சொல்றேன்."

அவள் கேட்டுக் கேட்டு மாட்டி முடிக்கச் சாயங்காலம் ஆனது. அப்போதுதான் வண்டியும் பாய் வீட்டு வாசலுக்கு வந்தது. பாய் செங்கல்லைப் பார்த்தார். மூன்று பேரையும் பார்த்தார்.

"டேய், எஞ்சின்ல விரிசலே இல்லையேடா!"

"அதான் பாய், எஞ்சினை அங்கேயே விட்டுட்டு வந்தோம்," என்றான் காளியண்ணன்.

பாய் அடிக்க ஊன்றுகட்டையை எடுப்பதற்குள் போன் அடித்தது. எஞ்சின் தடதடக்கிற சத்தத்துக்கு மேலே பாவாயி கத்தினாள். "பாய்! தண்ணி மஞ்சளுக்குப் பாயுது பாய்!"

மூன்று பேரும் வண்டியைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"பாத்தியா மாப்ள?" என்றான் காளியண்ணன். "விரிசலை வெளியே எடுத்ததும் எஞ்சின் எப்படி ஓடுது!"