பஞ்சு ஒட்டாத தலை

நூல் மில்லில் வேலை போனதை நாச்சிமுத்து வீட்டில் சொல்லவில்லை.

காலையில் வழக்கம்போல மில் சட்டையை மாட்டிக்கொள்வான். மனைவி மயிலாத்தா களி உருண்டை வைத்துத் தரும் தூக்குப்போசியை வாங்கிக்கொண்டு, நேராக ஊர் எல்லையில் இருக்கும் குருவின் குடிலுக்குப் போய்விடுவான். குரு அவனுக்கு நாலு வயது இளையவர். மத்தியானம் களியை இருவரும் பங்கிட்டுச் சாப்பிடுவார்கள்.

"சாப்பிடும்போதாவது அந்தக் கவலை முகத்தை இறக்கி வையப்பா" என்பார் குரு.

"வேலை இல்லாதவனுக்குச் சிரிப்பு எங்கிருந்து சாமி வரும்?" என்பான்.

இருபதாம் நாள் வழியில் மில் ஆள் ஒருவர் பார்த்து, மறுபடி வேலைக்குக் கூப்பிட்டார். துள்ளிக்கொண்டு குடிலுக்கு வந்தான்.

"நாளைக்கே வரச் சொல்லிட்டாங்க சாமி. போன சந்தோசம் திரும்ப வந்திருச்சு. ஆனா ஒரு பயம். மறுபடி வேலை போனா இதுவும் போயிருமே, எப்படிங்க காப்பாத்துறது?"

"பசிக்குது. போசியைத் திற."

திறந்தான்.

"எத்தனை உருண்டை?"

"ரெண்டுங்க."

"மில்லுக்குப் போனப்போ எத்தனை?"

"ஒண்ணு."

சொன்னவன் போசியையே பார்த்துக்கொண்டு இருந்தான். இரண்டாம் நாளிலிருந்தே இரண்டைத்தான் தின்றிருக்கிறார்கள். கவலையில் அவன் எண்ணவே இல்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும், ஏன் இரண்டு உருண்டை என்று மயிலாத்தாவிடம் கேட்டான். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"மில்லுக்குப் போற மனுசன் தலையில ஒரு துளிப் பஞ்சு இல்லாம வீட்டுக்கு வருவாரா? மொத நாளே தெரியுமுங்க. குடில்ல இருக்கீங்கன்னு அன்னைக்கே ஊர்ல சொல்லிட்டாங்க. சாமியாரும் பாவம், உங்க மூஞ்சியைப் பாத்துக்கிட்டே பகலெல்லாம் உக்காந்திருக்கார். வெறும் வயித்தோட எப்படிப் பாப்பாரு?"

"அப்ப தினமும் சாயங்காலம் மில்லுல நடந்ததா நான் சொன்ன கதை?"

"நல்லாத்தான் இருந்துச்சு. இன்னைக்கு என்ன கதை?"

அவனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தான்.

மறுநாள் மில்லுக்குப் போகிற வழியில் குடிலில் நின்று எல்லாவற்றையும் சொன்னான்.

குரு தொடையில் தட்டிச் சிரித்தார். "உனக்கு வேலை கிடைச்சிருச்சு. களி தின்கிற என் வேலைதான் போச்சு."

"வேலை போனதுக்கா சாமி இப்படிச் சிரிக்கிறீங்க?"

"எப்படிக் காப்பாத்துறதுன்னு நேத்து கேட்டியே. பாத்துக்கோ."

நாச்சிமுத்து போசியைத் திறந்து குருவின் முன்னால் வைத்தான். உள்ளே இன்றைக்கும் இரண்டு உருண்டை இருந்தது.