கொம்பையாவுக்கு வந்த தலைவலி

மூங்கில் காட்டில் கொம்பையா என்ற யானைக்குத் தலைவலி வந்தது. அவருக்குத் தலை வலித்தால் காடே பத்தியம் இருக்க வேண்டும்!

முதல் நாள் சில்வண்டுகளை மலைக்கு அந்தப் பக்கம் விரட்டினார். இரண்டாம் நாள் ஓடையைப் பார்த்து, "சலசலன்னு ஓடாதே, மெதுவா நடந்து போ" என்று அதட்டினார். ஓடை என்ன செய்யும், பாவம். கரடி வைத்தியர் சுக்கை உரசி நெற்றியில் பற்றுப் போட்டார். நெற்றியா அது, களத்துமேடு! காட்டிலிருந்த சுக்கெல்லாம் தீர்ந்தது. வலி தீரவில்லை.

மூன்றாம் நாள் காலையில் வைத்தியரோடு வாகை மரத்தடிக்கு வந்தார். அந்த மரப்பொந்தில்தான் செவத்தி என்ற மரங்கொத்தி மூன்று முட்டைகளை அடைகாத்துக்கொண்டிருந்தாள்.

"நீ டொக்கு டொக்குன்னு கொத்துறதுதான் என் மண்டைக்குள்ள இடிக்குது. உச்சிவெயிலுக்குள்ள மரத்தைச் சாய்க்கப் போறேன்."

செவத்தி முட்டையைத் தூக்கிக்கொண்டு எங்கே போவாள்?

"அண்ணே, முட்டை இட்டதுல இருந்து நான் கொத்தவே இல்லையே."

"போன மாசம் கொத்தினது இப்பத்தான் வந்து சேருது."

கொம்பையா மரம் சாய்க்கத் தெம்பு வேண்டும் என்று மூங்கில் குருத்தைத் தின்றார். செவத்தி கவனித்தாள். வலப்பக்கமே மென்றார். தவறி இடப்பக்கம் கடித்ததும், "ஐயோ, என் தலை!" என்று அலறினார்.

"அண்ணே, கொஞ்சம் வாயைத் திறங்க."

"தலைவலிக்கு வாயை எதுக்குத் திறக்கணும்?"

"வலி மேல இருந்து கீழ இறங்கும். கீழ இருந்து மேல ஏற அதுக்குக் கால் ஏது?" என்றார் வைத்தியர்.

"எப்படியும் மரத்தைச் சாய்க்கத்தானே போறீங்க? அதுக்கு முன்னால ஒரு தடவை திறந்தா என்ன குறைஞ்சுடும்?"

முணுமுணுத்துக்கொண்டே திறந்தார். செவத்தி உள்ளே எட்டிப் பார்த்தாள். கடைவாய்ப் பல்லில் சொத்தை. அந்தக் குழியில் விளாம்பழ ஓடு ஆப்பு அடித்த மாதிரி நின்றது. முழுசாக விழுங்க வேண்டிய பழத்தை ஆசைக்குக் கடித்த வினை!

அவர் வாயை மூடினால் செவத்தி துவையல்தான். பயமாகத்தான் இருந்தது. முட்டைகளை நினைத்துக்கொண்டு உள்ளே போனாள். டொக்கு, டொக்கு, டொக்கு. ஓடு தெறித்து வைத்தியர் மூக்கில் விழுந்தது.

கொம்பையா தலையை ஆட்டிப் பார்த்தார். வலி போன இடம் தெரியவில்லை.

"தங்கச்சி, இன்னும் ரெண்டு கொத்து கொத்தேன். கேக்கவே இதமா இருக்கு."

"முட்டை ஆறிப் போயிடும் அண்ணே" என்று செவத்தி பொந்துக்குப் பறந்தாள்.

வலி தெரிகிற இடமெல்லாம் வலி பிறந்த இடம் இல்லை. ஊரார் மேல் பழி போடுவதற்கு முன் உன் வாயைத் திறந்து பார்.