கோட்டையைச் சுற்றிய கத்தரிக்காய்

வேம்பூர்க் கோட்டையை ஆண்ட மகுடவர்மனுக்கு உள்ளூர்ச் சரக்கு என்றாலே இளக்காரம். தூரத்திலிருந்து வந்தால்தான் எதுவும் உசத்தி என்று மந்திரி தண்டநாயகம் ஓதி வைத்திருந்தார். தூரத்துக் காய்கறிகளைக் கொண்டுவரும் வண்டிகள் மந்திரியின் மைத்துனருடையவை. அதை மட்டும் அவர் சொல்லவில்லை.

"பத்துக் காதம் பயணப்படாத காய்கறி கோட்டைக்குள் நுழையக் கூடாது!" என்று அரசன் ஆணையே போட்டுவிட்டான்.

அகழியை ஒட்டியே காத்தாயியின் கத்தரித் தோட்டம். கோட்டைச் சந்தையை நம்பிப் பிழைக்கிறவள். காவலர்கள் விரட்டியதும், அரசவையில் வாய்ச்சாலகத்துக்குப் பேர்போன நல்லாப்பிள்ளையிடம் ஓடினாள்.

"நாலு எட்டு வச்சா சந்தை, சாமி. பறிச்ச காயை மாட்டுக்குப் போடுங்கிறாங்க! இப்படியே போனா தோட்டத்தை வித்துட்டுக் கிளம்ப வேண்டியதுதான்."

"வண்டி இருக்கா?"

"இருக்குங்க."

"பூட்டு."

மறுநாள் முதல் கத்தரிக்காய் வண்டி ஒன்று கோட்டை மதிலைச் சுற்றிச் சுற்றி வந்தது. மாடத்திலிருந்து பார்த்த அரசன், யாரோ வேண்டுதல் செலுத்துகிறார்கள் என்று கும்பிட்டும் வைத்தான். ஐந்தாம் நாள் பொறுக்க முடியாமல் மந்திரியோடு இறங்கி வந்தான். வண்டியருகே காத்தாயியும் நல்லாப்பிள்ளையும் நின்றார்கள்.

"என்னய்யா இது, நல்லாப்பிள்ளை?"

"தங்கள் ஆணைதான், அரசே. மதிலை ஒரு முறை சுற்றினால் கால் காதம். நாற்பது சுற்றுக்குப் பத்துக் காதம். முப்பத்தொன்பது முடிந்தது. இன்னும் ஒரே சுற்று, வெளியூர்க் காய் ஆகிவிடும்!"

அரசன் ஒரு காயை எடுத்தான். "இது வாடிவிட்டதே!"

"ஆமாம் அரசே. இப்போதுதான் அரண்மனைக்கு வரும் காய் மாதிரியே இருக்கிறது."

காத்தாயி அன்று பறித்த காய் ஒன்றை நீட்டினாள். அது பளபளவென்று இருந்தது. அரசன் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தான். மந்திரி முந்திக்கொண்டார்.

"என்ன இருந்தாலும் இந்த மண்ணில் விளைந்தது, அரசே. அது எப்படி உசத்தியாகும்?"

நல்லாப்பிள்ளை பதறியவர்போல் கையை உதறினார். "மெதுவாகப் பேசுங்கள், மந்திரியாரே! நம் அரசர் பிறந்தது இந்தக் கோட்டைக்குள்தான்!"

மந்திரிக்கு முகம் வெளிறியது. அரசனோ விழுந்து விழுந்து சிரித்தான். சுற்றுவட்டாரத்தில் விளைவதற்கே சந்தையில் முதலிடம், போதாததற்குத்தான் வெளியூர் வண்டி என்று அங்கேயே ஆணையை மாற்றினான். நல்லாப்பிள்ளைக்குப் பட்டுச் சால்வை கிடைத்தது.

வண்டியில் இருந்த வாடிய காய் மொத்தமும் மந்திரி வீட்டுக்குப் போயிற்று. ஒரு சுற்று குறைந்ததைப் பெரிதுபடுத்த வேண்டாம் என்று அரசன் சொல்லி அனுப்பினான்.